எறிகத்தி வாங்குமுன்

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த அன்பர்கள், "ரயில்வே ஒர்க் ஷாப்பில் முப்பது வருஷம் உலையடியில் நின்னவர் நீங்க, இரும்பைப் பத்தி ஏதாவது எழுதுங்களேன் சார்" என்றார்கள். இரும்பைப் பற்றி எழுத ஆரம்பித்தால் மலர் முழுவதையும் நானே நிரப்ப வேண்டிவரும். ஆகவே ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: மரக்கட்டையில் இலக்கு வரைந்து எறிந்து பழகும் கத்தி. இது என்ன விபரீதம் என்று சிலர் நினைக்கலாம். நம் சங்கத்துக் குடும்பங்களிலேயே மூன்று வீட்டுப் பிள்ளைகள் இந்தக் கத்தியை ஆன்லைனில் தருவித்திருப்பது எனக்குத் தெரியும். தெரியாமல் எத்தனையோ. பெரியவர்கள் "அதெல்லாம் வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்வதோடு சரி. பிள்ளைகள் எப்படியோ வாங்கிவிடுகிறார்கள், அதுவும் வாங்கக்கூடாத சரக்கைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள்.

அந்த மூன்று வீட்டில் ஒன்று என் வீடு. 2022 கோடை விடுமுறைக்கு வந்த பேரன், பதினான்கு வயது, ஆறு கத்தி கொண்ட ஒரு செட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தான். கறுப்பு வண்ணம், வௌவால் இறக்கை மாதிரி வளைவுகள், ஒவ்வொன்றும் ஒரு சாண்கூட இல்லை. பார்த்ததும் என் மனைவி, "வெங்காயம் நறுக்கற கத்தியே இந்த வீட்டுல ஒழுங்கா வெட்ட மாட்டேங்குது, இது வேறயா" என்றாள். கொல்லையில் கிடந்த பழைய பிளைவுட் கதவு ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்து எறிந்து பார்த்தான். பத்துக்கு ஒன்றுதான் குத்தி நின்றது. மற்றதெல்லாம் 'டங்' என்று மோதி எங்கெங்கோ தெறித்தது. "தாத்தா, இது ஏன் நிக்கவே மாட்டேங்குது?" என்று கேட்டான். என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று பக்கத்தில் போய் நின்றேன். அது நான் செய்த தப்பு. அடுத்த வீச்சில் திரும்பி வந்த கத்தி முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் விழுந்தது. மூன்று தையல்.

அன்றே செட்டைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினோம். இரண்டு நாள் கழித்து, பாட்டி கோயிலுக்குப் போன நேரம் பார்த்துச் சாவியைத் தேடி எடுத்துவிட்டான். இந்தத் தடவை கதவின் இரும்புக் கீலில் பட்டு ஒரு கத்தி இரண்டாக உடைந்தது. முனைத்துண்டு அவன் காதை ஒட்டிப் பறந்து துளசி மாடத்தில் விழுந்தது. சத்தம் கேட்டு நொண்டிக்கொண்டு வெளியே வந்தபோது பிள்ளை முகம் வெளுத்து நின்றுகொண்டிருந்தான். திட்ட வாய் வரவில்லை.

உடைந்த துண்டை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். உடைந்த முகம் கற்கண்டை உடைத்தாற்போலப் பொடிப்பொடியாக மின்னியது. நல்ல எஃகு உடைந்தால் முகம் மங்கலாக, பட்டுத்துணி போல நெருங்கிய இழையோடு இருக்கும். கற்கண்டு மாதிரி மின்னினால், உலையில் அளவுக்கு மேல் காய்ச்சித் தோய்த்து, பிறகு பதம் இறக்காமலே விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். அந்த எஃகு கடினமாக இருக்கும், ஆனால் கண்ணாடியைப் போல. முப்பது வருஷம் இதையே பார்த்துக்கொண்டிருந்த நான், வீட்டுக்குள் வந்த கத்தியைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லையே என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் இதை ஒழுங்காகப் படித்தேன், செய்தும் பார்த்தேன். நான் கண்டுகொண்ட விஷயம் ஒன்றுதான். சமையல் கத்தி, அரிவாள் இவற்றை அவை நன்றாக வேலை செய்யும் நேரத்தை நினைத்து வாங்குகிறோம். எறிகத்தியை அது தவறும் நேரத்தை நினைத்து வாங்க வேண்டும். புதிதாகப் பழகுகிறவன் எறியும் வீச்சில் பாதிக்கு மேல் தவறும். பிடி முந்திப் போய் மோதும், பக்கவாட்டில் அறையும், ஏற்கெனவே குத்தி நிற்கும் கத்தியின்மேல் இடிக்கும், தரையில் கல்லில் விழும். இத்தனை அடியையும் வாங்கிக்கொண்டு உடையாமல், தூரம் துள்ளாமல், எடுத்தவன் கையைக் கிழிக்காமல் இருக்கிற கத்திதான் நல்ல கத்தி. விளம்பரத்தில் சொல்கிற எதுவும் இதற்கு உதவுவதில்லை.

முதலில் கூர்மை. 'பிளேடு போல் கூர்' என்று போட்டிருந்தால் அந்தச் செட்டை அப்படியே விட்டுவிடலாம். எறிகத்திக்கு முனை மட்டும் கூராக இருந்தால் போதும். இரு பக்க விளிம்பும் மொண்ணையாக, விரலை வைத்து இழுத்தாலும் கீறாததாக இருக்க வேண்டும். பல வீச்சுகளுக்கு அலகைப் பிடித்துத்தான் எறிகிறோம். அப்போது கூரான வாய் நம் கையைத்தான் முதலில் அறுக்கும். கத்தியைக் குத்தி நிற்க வைப்பது முனையும் அதன் பின்னால் வரும் கனமும். விளிம்புக்கு அதில் வேலை கிடையாது. முனையும் ஊசி மாதிரி நீண்டு மெலிந்திருக்கக் கூடாது. இரண்டாவது நாளே வளையும், அல்லது ஒடியும். அரசிலை நுனி போல வாலாக நீளாமல், அகலமாகத் தொடங்கி ஒரே சாய்வில் குறுகி முடியும் முனைதான் நிலைக்கும்.

அடுத்தது கனம். பேரன் கொண்டுவந்த கத்தியை வீட்டுத் தராசில் வைத்தேன்: 45 கிராம். ஒரு எலுமிச்சம்பழத்தின் எடை. பழகுவதற்கான கத்தி 200 முதல் 300 கிராம் வரை இருக்க வேண்டும், நீளம் 28 முதல் 33 செ.மீ. வரை. வளர்ந்த ஆள் என்றால் 350 கிராம்கூடச் சிரமமாக இராது. போட்டிகளில் 23 செ.மீ.க்குக் குறைவான கத்தியை ஏற்றுக்கொள்வதே இல்லை. விற்பவர்கள் பலர் எடையைக் குறிப்பிடுவதில்லை, நீளம், அகலம், தடிமன் மட்டும் போடுகிறார்கள். அதுவே போதும், நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். எஃகு ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம். 30 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம், 4 மி.மீ. தடிமன் என்றால் 36 கன செ.மீ., அதாவது 283 கிராம். முனைப்பக்கம் குறுகுவதற்கு ஐந்தில் ஒரு பங்கு கழித்தால் 225 கிராம் சுமாருக்கு வரும். இதே கணக்கை 16 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன் உள்ள செட்டுக்குப் போட்டுப் பாருங்கள், 50 கிராம்தான். தகடு 4 மி.மீ.க்குக் குறைந்தால் வாங்காதீர்கள்.

கனத்துக்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் சுழற்சி. இதைப் புரிந்துகொண்டால் பாதி வித்தை வந்த மாதிரி.

கத்தி கையை விட்டுப் பிரியும் கணத்தில் நம் முன்கை, முழங்கையை அச்சாக வைத்துச் சுழன்றுகொண்டிருக்கிறது. அந்தச் சுழற்சியைக் கத்தி அப்படியே எடுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் எறிந்த கத்தி காற்றில் கரணம் போடுகிறது. பலமாக எறிந்தால் சீக்கிரம் சுழன்றுவிடாதா என்று எல்லாரும் கேட்பார்கள். சுழலும்தான். ஆனால் அதே விகிதத்தில் முன்னால் பாயும் வேகமும் கூடுகிறது. எனவே ஒரு முழுச் சுழற்சிக்கு ஆகும் தூரம் ஏறக்குறைய மாறுவதில்லை. எவ்வளவு தூரம்? முழங்கையிலிருந்து கையில் பிடித்த கத்தியின் ஈர்ப்பு மையம் வரை சுமார் அரை மீட்டர். அந்த ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் சுற்றளவு 3.14 மீட்டர். ஒரு சுழற்சிக்குக் கத்தி போகும் தூரம் அதுதான். ஐரோப்பா, அமெரிக்கா போட்டி விதிகளில் ஒரு சுழற்சி வீச்சுக்குக் குறைந்தபட்சம் 3 மீட்டர், இரண்டு சுழற்சிக்கு 5, மூன்றுக்கு 7 என்று கோடு போட்டிருக்கிறார்கள். அனுபவத்தில் வந்த எண்ணும் நம் பள்ளிக்கூட வட்டக் கணக்கும் இவ்வளவு பக்கத்தில் வருவதைப் பார்த்து, ரிட்டையர் ஆன மனுஷனுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. (உடலை முன்னால் தள்ளி எறிகிறவர்களுக்கும் கை நீளமானவர்களுக்கும் சற்றுக் கூடும்.)

இந்தக் கணக்கைக் கெடுப்பது மணிக்கட்டு. விடும் நேரத்தில் மணிக்கட்டை ஒரு சொடுக்குச் சொடுக்கினால் கூடுதல் சுழற்சி ஏறிவிடும், தூரக் கணக்கு அடியோடு தப்பிவிடும். 45 கிராம் கத்தியை விரல் நுனியில் பிடித்து எறியும்போது சொடுக்காமல் இருக்கவே முடியாது. 250 கிராம் கத்தியைச் சுத்தியல் பிடிப்பதுபோல முழுக்கையால் பிடித்து எறிந்தால் மணிக்கட்டு தானாகவே அடங்கிப்போகும். கனமும் நீளமும் உள்ள கத்தி நம் பிழையைச் சிறிதாக்குகிறது, இலேசான கத்தி பெரிதாக்குகிறது. முனை சரியான கோணத்திலிருந்து இப்படியும் அப்படியும் 20 பாகை தவறினாலும் மென்மையான மரத்தில் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 40 பாகை. 3 மீட்டருக்கு ஒரு சுற்று என்றால் 40 பாகைக்கு 33 செ.மீ. இடம் கிடைக்கிறது, ஒரு அடிக்கு மேல். ஒன்றரை மீட்டருக்கே ஒரு சுற்றுச் சுற்றிவிடும் கத்திக்கு அதில் பாதிதான். பையனுக்குப் பத்துக்கு ஒன்று நின்றதன் ரகசியம் இதுதான்.

இப்போது எஃகைப் பற்றி. எஃகின் கடினத்தை ராக்வெல் சி என்ற அளவையில் சொல்வது தொழிற்சாலை வழக்கம். அரத்துக்கு 62க்கு மேல். நல்ல சமையல் கத்திக்கு 55லிருந்து 58, அதற்கு மேலும் உண்டு. எறிகத்திக்கு 45லிருந்து 50 போதும். எண் கூடினால் தரம் கூடும் என்று விற்பவர்கள் ஒரு எண்ணத்தை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். எறிகத்திக்கு அது நேர் தலைகீழ். 50க்கு மேல் போகப் போக உடையும் அபாயம் ஏறிக்கொண்டே போகும். இந்தக் கத்தி அடிபட்டால் வளைய வேண்டும். வளைந்ததை வைஸில் பிடித்து நிமிர்த்திக்கொள்ளலாம், உடைந்தது பறந்துவிடும். நடுத்தரக் கார்பன் எஃகு, அதாவது 1050, 1055, 1060 என்று எண் போட்டு வருபவை, அல்லது ஸ்பிரிங் எஃகு, இவை தகும். துருப்பிடிக்கும், எண்ணெய் தடவி வைத்தால் ஆயிற்று. ஸ்டெயின்லெஸ் என்றால் 420 ரகம் பரவாயில்லை, மென்மையானது. 440 சி என்று பெருமையாகப் போட்டிருந்தால் அது சமையலறைக்கோ வேட்டைக்கோ உரிய எஃகு.

எங்கள் ஊர் மானாமதுரைப் பக்கம். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் திருப்பாச்சேத்தி. அந்த ஊர் அரிவாளைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. இப்போதெல்லாம் லாரி ஸ்பிரிங் பட்டையைத்தான் அங்கே காய்ச்சி அடிக்கிறார்கள். சிறு வயதில் பட்டறை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். அரிவாளின் வாய்ப்பக்கத்துக்கு மட்டும் துவைச்சல் போடுவார்கள். முதுகை மென்மையாகவே விட்டுவிடுவார்கள். வாய் கூர் தாங்கும், முதுகு அடி தாங்கும். ஒரே இரும்புக்குள் இரண்டு குணம் வைக்கிற அந்த வித்தையை நான் பிற்பாடு புத்தகத்தில் படித்தபோது ஏற்கெனவே கேட்ட பாட்டு மாதிரி இருந்தது. எறிகத்தி என்பது வாயே இல்லாத அரிவாள், முழுக்க முதுகு. லாரியிலோ ஜீப்பிலோ இருக்கும் ஸ்பிரிங் பட்டை தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 42லிருந்து 48 வரையான கடினத்தில்தான் வருகிறது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

எனவே பேரனுக்காக மூன்று கத்தி நானே செய்தேன். சிறு வண்டிக்கான 6 மி.மீ. புதுப் பட்டை வாங்கி (பழைய பட்டை வேண்டாம், ஓடி ஓடிக் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டிருக்கும்), வளைவைப் பிரஸ்ஸில் குளிர்நிலையிலேயே நிமிர்த்தி, தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுத்துத் தேய்த்தேன். உலையில் வைக்கவே இல்லை. வைத்தால் வந்த பதம் போய்விடும். ஒவ்வொன்றும் 30 செ.மீ., எடை 290 கிராம். மூன்றுக்கும் இடையே 5 கிராம்கூட வித்தியாசம் வராமல் அரத்தால் சரிசெய்தேன். எல்லாரும் செய்ய வேண்டுமென்று சொல்லவில்லை, நல்லதாக வாங்கவும் கிடைக்கிறது. கிரைண்டரில் நீலநிறம் ஏறும்வரை தேய்த்த கத்தியை மட்டும் தள்ளிவிடுங்கள். நீலம் ஏறிய இடத்தில் பதம் இறங்கியிருக்கும்.

பிடி எப்படி இருக்க வேண்டும்? ஒரே தகட்டில் அலகும் பிடியும் சேர்ந்திருக்க வேண்டும். மரப்பிடி, பிளாஸ்டிக் பிடி, திருகாணி எதுவும் ஆகாது. நூறு வீச்சில் கழன்று விழும், அல்லது உடைந்து செதில் கையில் ஏறும். கயிறு சுற்றி வருவதையும் நான் அவிழ்த்துவிடுவேன். கையை விட்டு நழுவும்போது அது உரசினால் ஒவ்வொரு வீச்சும் ஒவ்வொரு மாதிரி போகும். பிடியில் கிட்டார் மாதிரி இடுப்பு, விரல் பள்ளம் எல்லாம் வைத்து வருகிறது. பார்க்க அழகு, விடும்போது மாட்டும். நேரான, வழுவழுப்பான, சலிப்பூட்டும் வடிவம்தான் வேண்டும்.

ஈர்ப்பு மையம் எங்கே இருக்கிறது என்பதை விரல்மேல் கத்தியை வைத்துச் சமன் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். அலகுப் பக்கம் கனமென்றால் பிடியைப் பிடித்து எறிவது, பிடிப்பக்கம் கனமென்றால் அலகைப் பிடித்து எறிவது என்பது பழைய முறை; கனமான முனை முந்திப் போக வேண்டும் என்பதுதான் அதன் கருத்து. நடுவில் சமனாக இருந்தால் எப்படியும் எறியலாம். பழகுகிறவருக்கு நடுச்சமன், அல்லது நடுவிலிருந்து விரற்கடை அளவு அலகுப் பக்கம் தள்ளிய சமன் நல்லது.

கனத்தலை முந்திப் போகும் இந்த நியாயம் எங்கள் சிவகங்கைச் சீமைக்குப் புதிதில்லை. வளரிக்கு ஒரு முனை கனம், மறுமுனை மெலிவு. மெலிந்த பக்கத்தைப் பிடித்துத்தான் வீசுவார்கள். கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட தன் நினைவுக் குறிப்புகளில், தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று எழுதியிருக்கிறார். அந்தச் சின்ன மருதுவையே எதிர்த்துப் போர் செய்து, 1801இல் அவர் தூக்கிலிடப்பட்ட பிறகு எழுதிய வரிகள் அவை. பேரனுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது, "எதிரிக்கே சொல்லிக்கொடுத்தாரா தாத்தா?" என்று கேட்டான். அப்போது நண்பர்கள்தானே என்றேன். அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

எத்தனை கத்தி வாங்குவது? மூன்று. ஒரே அச்சில் வார்த்த மாதிரி மூன்று. போட்டியிலும் பெரும்பாலும் மூன்று மூன்றாகத்தான் எறிகிறார்கள். ஒரே ஒரு கத்தி என்றால் ஒவ்வொரு வீச்சுக்கும் நடந்துபோய் எடுத்து வரவேண்டும், முந்தின வீச்சில் கை என்ன செய்தது என்பது அதற்குள் மறந்துவிடும். ஆறு என்றால் குத்தி நிற்கும் கத்திமேலேயே அடுத்தது இடித்து இரண்டும் பல்லுப்பல்லாகிவிடும். சின்னது, நடுத்தரம், பெரியது என்று கலந்து வரும் செட்டைத் தொடவே வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தூரம், எதிலும் கை படியாது.

சொல்லப்போனால் கத்திக்கு முன்னால் கட்டையைத்தான் தேட வேண்டும். எங்கள் தவறில் பாதி அந்தப் பிளைவுட் கதவு. பிளைவுட்டில் இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருக்கும், நடுவில் பசை இறுகிக் கிடக்கும். முனையை உள்ளே விடாது, துள்ளவிடும். மரத்தின் குறுக்கு வெட்டு முகம்தான் இலக்காக வேண்டும். இழைகள் நம்மைப் பார்த்து நிற்கும், முனை அவற்றை விலக்கிக்கொண்டு உள்ளே போகும், எடுத்ததும் அவை மறுபடி மூடிக்கொள்ளும். மரம் மென்மையாக இருக்க வேண்டும். ஷீஷம், கீகர், சஃபேதா எதுவும் ஆகாது. இந்த விஷயத்தில் வடக்கே இருக்கும் நமக்கு அதிர்ஷ்டம். ஹரியானா, பஞ்சாப், மேற்கு உத்தரப் பிரதேசம் எங்கும் வயல் வரப்பில் பாப்லர் நிற்கிறது. யமுனாநகர் பிளைவுட் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகிறது. ஐந்து முதல் ஏழு வருஷத்தில் வெட்டிவிடுவதால் அடிமரம் ஓர் அடி விட்டத்துக்கு மேல் அரிதாகவே கிடைக்கும். அதனால் 15 செ.மீ. தடிமனில் நான்கு வட்டத் துண்டுகள் அறுத்து, பக்கம் பக்கமாக வைத்து இரும்புப் பட்டையால் இறுக்கிவிட்டேன். பெரிய விட்டம் வேண்டுமென்றால் இலவ மரம், இங்கே சேமல் என்பார்கள், அதுவும் மென்மைதான். தெற்கே போனால் மா. எறிவதற்கு முந்தின இரவு முகத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி வையுங்கள், காலையில் வெண்ணெய் மாதிரி வாங்கும். நிற்கிற மரத்தில் மட்டும் எறியாதீர்கள். மரத்துக்கும் கேடு, உருண்டையான பட்டையில் பட்டு வழுக்கி எங்கே திரும்பும் என்று சொல்லவும் முடியாது.

போட்டி இலக்கில் நடு வட்டத்தின் விட்டம் 10 செ.மீ., பிறகு 10 செ.மீ. கூடக் கூட வளையங்கள், கடைசி வளையம் 50 செ.மீ. நடுவில் 5 மதிப்பெண், ஓரத்தில் 1. சாக்பீஸால் வரைந்துகொண்டால் போதும். வட்டத்தின் நடு, நெஞ்சு உயரத்துக்குச் சற்று மேலே இருக்கட்டும்.

3 மீட்டரில் ஒரு கோடு போட்டுப் பிடியைப் பிடித்து எறியுங்கள். கத்தி குத்தும்போது பிடி கீழே தொங்கி முனை மேல்நோக்கி இருந்தால் சுழற்சி முடியவில்லை என்று பொருள், அரையடி பின்னால் போங்கள். பிடி தூக்கிக்கொண்டு முனை கீழ்நோக்கி இருந்தால் சுழற்சி மிஞ்சிவிட்டது, அரையடி முன்னால் வாருங்கள். கையை மாற்ற வேண்டாம், காலை மாற்றினால் போதும்.

பார்க்கிறவர்கள் எறிகிறவருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும், பக்கவாட்டில் கூடாது. என் கால் தழும்பு அதற்குச் சாட்சி. கத்தி திரும்பித் துள்ளும் தூரம் பலர் நினைப்பதைவிட அதிகம். எனவே 3 மீட்டருக்கு உள்ளே வந்து எறியப் பழகுகிறவருக்கு நான் அனுமதி கொடுப்பதில்லை. மூடிய ஷூ, கண்ணுக்குக் கண்ணாடி. கட்டைக்குப் பின்னால் பழைய மெத்தையோ கனமான சாக்கோ தொங்கவிடுங்கள், கீழே சிமென்ட் தரையென்றால் மண் கொட்டுங்கள். மூன்று கத்தியும் எறிந்து முடிந்த பிறகே எடுக்கப் போக வேண்டும். எடுத்ததும் ஒவ்வொன்றின் விளிம்பையும் பார்த்துப் பிசிறு கிளம்பியிருந்தால் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட வேண்டும். அந்தப் பிசிறு பிளேடைவிட மோசமாகக் கிழிக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016 விதிகளின் அட்டவணையில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகள் ஆயுதமாகக் கணக்கிடப்படுகின்றன. வீட்டு வேலை, விவசாயம் போன்றவற்றுக்காகச் செய்தவை மட்டும் விலக்கு. மத்திய அரசு அறிவிக்கை செய்துள்ள பகுதிகளில் அத்தகையவற்றை வைத்திருக்க உரிமம் வேண்டும். எறிகத்தி வீட்டு வேலைக்கென்று சொல்ல முடியாதல்லவா? 9 அங்குலம் என்றால் சுமார் 22.9 செ.மீ. இங்கே ஒரு சிக்கல் உண்டு. சில எறிகத்திகளில் பிடி, அலகு என்ற பாகுபாடே இருக்காது, முழுவதும் ஒரே பட்டை. 30 செ.மீ. முழுவதும் அலகுதான் என்று ஒரு போலீஸ்காரர் சொன்னால் நாம் என்ன பதில் சொல்வது? ஆகவே பிடி எங்கே முடிகிறது என்று பார்த்தவுடன் தெரிகிற வடிவமாக, அலகு 17, 18 செ.மீ.க்குள், அகலம் 4 செ.மீ.க்குள் இருக்கும்படி வாங்குவது நல்லது. அளவுக்குள் இருக்கிறது என்பதால் இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் போகலாம் என்று அர்த்தமில்லை. திருவிழா, தேர்தல் சமயங்களில் ஆயுதம் ஏந்தத் தடை உத்தரவு போடுவார்கள். முன்பு 144 என்று சொன்னது, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 163ஆம் பிரிவு. மெட்ரோ நிலையத்து எக்ஸ்ரே பெட்டி எந்த விளக்கத்தையும் கேட்காது. சொந்தக் கொல்லையில் எறிவது, மரப்பெட்டியில் பூட்டி வைப்பது, சாவி பெரியவர் இடுப்பில் இருப்பது, இதுதான் எங்கள் வீட்டு ஏற்பாடு. இந்தத் தடவை சாவியை எங்கே வைக்கிறேன் என்று பாட்டிக்குக்கூடத் தெரியாது.

பேரன் இப்போது கல்லூரிக்குப் போய்விட்டான். தீபாவளிக்கு வந்தபோது 5 மீட்டரில் மூன்றுக்கு இரண்டு நிறுத்தினான். நான் 3 மீட்டரோடு சரி, தோள்பட்டை ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது. அந்தப் பழைய கறுப்புச் செட்டில் உடையாமல் மிஞ்சியவை ஐந்து. நாலைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டாயிற்று. ஒன்றை மட்டும் என் மனைவி எடுத்து வைத்துக்கொண்டாள். கீரைப் பாத்தியில் களை கொத்த அதைவிட வசதியானது கடையில் கிடைக்கவில்லையாம்.